துடுப்பும் தாடையும்: திமிங்கிலமும் டொல்பினும் ஒலியால் வாழும் விதம்

இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கினால், அன்று மாலைக்குள் மூன்று விதமான பேச்சு ஊரைச் சுற்றிவிடுகிறது. சுனாமி வரப்போகிறது என்பது ஒன்று. ஏதோ நாட்டுப் போர்க்கப்பல் கடலுக்கடியில் சோனார் (எதிரொலியால் பொருட்களைத் தேட அனுப்பும் உரத்த ஒலி) போட்டுவிட்டது என்பது இன்னொன்று. திமிங்கிலங்கள் கூட்டமாகத் தற்கொலை செய்கின்றன என்பது மூன்றாவது. 2017 மே மாதக் கடைசியில் சம்பூரில் சுமார் 20 பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. 2020 நவம்பரில் மேற்குக் கரையிலுள்ள பாணந்துறையில் நூறுக்கு மேற்பட்டவை கரையேறின. ஒவ்வொரு முறையும் ஏன் என்ற கேள்வி எழுகிறது. பதில் வருவதற்குள் வதந்தி வந்துவிடுகிறது.

இந்த மூன்றில் எது உண்மை, எதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க, முதலில் ஒன்று விளங்க வேண்டும். இந்த விலங்குகள் கடலைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதே அதிகம். வழி, இரை, உறவு, ஆபத்து எல்லாம் அவற்றுக்கு ஒலியாகவே வந்து சேர்கின்றன.

கல்லடியிலிருந்து தொடங்குவோம்

நீருக்கடியில் ஒலி இருக்கிறது என்று மட்டக்களப்பாருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு அழுத்திப் பாடும் மீனைக் கேட்ட தலைமுறைகள் இங்கே உண்டு. 1848இல் இங்கு வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், அப்போது இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். அவரே தோணியில் போய் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது வருகிற மெல்லிய அதிர்வைப் போல இருந்ததாம். மீனவர்கள் அவருக்குக் காட்டியது ஊரி என்ற ஓட்டுயிரை. பாடுவது மீனா, ஊரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. நமக்கு இங்கே முக்கியமானது அந்தத் துடுப்பு.

ஏன் துடுப்பு வேண்டும்? நீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பை வந்து தொடும்போது, அதன் ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்கு ஏறுகிறது. மீதி தெறித்து நீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. தோணியில் இருப்பவருக்குக் கடல் அமைதியாகத் தெரிவது இதனால்தான். மரத்தின் கதை வேறு. நீரின் அதிர்வை அது நன்றாக வாங்கிக்கொள்ளும். தண்டு வழியே மேலே கொண்டுவந்து காதைச் சுற்றியுள்ள எலும்புக்குக் கொடுக்கும்.

டொல்பின் கேட்பதும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான். நம் கடலோர ஊர்களில் ஓங்கல் என்று சொல்லப்படுகிற அந்த விலங்கின் காதுத் துவாரம் ஊசித்துளை அளவே இருக்கும். கேட்பதற்கு அது பெரிதாக உதவுவதில்லை. கீழ்த்தாடை எலும்பின் பின்பகுதி மிக மெல்லியது. அதற்குள் ஒரு தனி வகைக் கொழுப்பு நிறைந்து உட்காது வரை போகிறது. நீரின் அதிர்வு தாடையில் பட்டு, அந்தக் கொழுப்பு வழியாகக் காதை அடைகிறது. வாவியில் நமக்குத் துடுப்பு செய்த வேலையை டொல்பினுக்கு அதன் தாடை செய்கிறது.

கடலில் ஒலி எப்படிப் போகிறது

பட்டப்பகலிலும் கடலில் 200 மீற்றருக்குக் கீழே அந்தி வெளிச்சம்தான். 1,000 மீற்றருக்குக் கீழே சூரிய ஒளி அறவே இல்லை. வாடைக் காலத்தில் வெள்ளநீர் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும்போது, கரையோரம் கைநீட்டும் தூரம்கூடத் தெரியாது. ஒலிக்கு இந்தத் தடை இல்லை. காற்றில் அது செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் ஓடுகிறது; கடல் நீரில் சுமார் 1,500 மீற்றர். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் நேர்கோட்டில் நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அந்தத் தூரத்தை ஒலி காற்றில் கடக்க ஐந்து நிமிடம் வேண்டும். நீரில் 70 செக்கன் போதும்.

செய்திகளில் அடிக்கடி வந்து குழப்பும் மூன்று சொற்களை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம்.

1. மீடிறன்: ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பது. அலகு ஹேர்ட்ஸ். மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். டொல்பின்களில் பல 1,50,000 ஹேர்ட்ஸ் அளவு வரை கேட்கும்.

2. அலைநீளம்: ஒலியின் வேகத்தை மீடிறனால் வகுத்தால் கிடைப்பது. நீரில் 1,20,000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒன்றேகால் சென்ரிமீற்றர். 20 ஹேர்ட்ஸ் ஒலிக்கு 75 மீற்றர். மீனளவுப் பொருளிலிருந்து தெளிவான எதிரொலி வேண்டுமென்றால் அலை அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் சிறிய அலையைக் கடல் நீர் வேகமாக உறிஞ்சிவிடும். ஒரு கிலோமீற்றர் போவதற்குள் தேய்ந்துவிடும். நீண்ட அலை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போகும், நுணுக்கம் காட்டாது. கிட்டத்தில் துல்லியமாகப் பார்ப்பதா, தொலைவுக்குக் குரல் அனுப்புவதா என்ற இந்தத் தேர்வுதான் டொல்பினையும் நீலத் திமிங்கிலத்தையும் வேறு வேறு வழியில் கொண்டுபோய்விட்டது.

3. டெசிபல்: இதில்தான் பெரிய குழப்பம். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் ஒலி 236 டெசிபல் வரை போகும், ஜெட் விமானமே 140தானே என்று எழுதுவதைப் பார்க்கிறோம். இரண்டையும் இப்படி நேராக ஒப்பிட முடியாது. நீரில் அளப்பதற்கும் காற்றில் அளப்பதற்கும் அடிப்படை அளவுகோல் வேறு, ஊடகமும் வேறு. நீரில் எடுத்த எண்ணிலிருந்து ஏறக்குறைய 62ஐக் கழித்தால்தான் காற்றுக் கணக்கோடு பக்கத்தில் வைக்கலாம். அப்படிப் பார்த்தாலும் 174 வருகிறது. விலங்குலகில் இதற்கு மேல் உரத்த ஒலி பதிவானதில்லை. உண்மையே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அதை ஊதிப் பெருப்பிக்க அவசியமே இல்லை.

பல்லுள்ளவை, பல்லில்லாதவை

திமிங்கில இனம் இரண்டு பெரும் பிரிவு. பல்லுள்ள பிரிவில் டொல்பின்கள், பைலட் திமிங்கிலம், அம்பருக்குப் பேர்போன ஸ்பேர்ம் திமிங்கிலம் எல்லாம் அடங்கும். பைலட் என்பது பெயரில்தான் திமிங்கிலம், குடும்பத்தால் டொல்பின். இந்தப் பிரிவுக்கு எதிரொலியால் பார்க்கும் திறன் இருக்கிறது. நீலத் திமிங்கிலம், கூனல் திமிங்கிலம் போன்றவை பல்லுக்குப் பதிலாக வாயில் சல்லடைத் தகடு கொண்டவை. அவற்றுக்கு டொல்பினைப் போன்ற எதிரொலிப் பார்வை இருப்பதாகக் காட்டப்படவில்லை. அவை ஒலியை முக்கியமாக ஒன்றையொன்று தொடர்புகொள்ளப் பயன்படுத்துகின்றன.

டொல்பின் எப்படி ஒலியால் பார்க்கிறது

1940களில் அமெரிக்காவில் டொல்பின் பிடித்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: கலங்கிய நீரில், இருட்டில்கூட டொல்பின்கள் வலையை விட்டு விலகிப் போயின. பிறகு 1960ஐ ஒட்டி கென்னத் நோரிஸ் என்ற விஞ்ஞானி ஒரு டொல்பினின் இரு கண்களையும் ரப்பர்க் கிண்ணங்களால் மூடிப் பார்த்தார். அது தடைகளுக்கிடையே தடுமாறாமல் நீந்தியது, உணவையும் கண்டெடுத்தது. அந்தச் செயல் படிப்படியாக இப்படி நடக்கிறது:

1. தலையுச்சியில் மூச்சுவிடும் துவாரத்துக்குச் சற்றுக் கீழே, மூக்குப் பாதைக்குள் உதடு போன்ற இரண்டு மடிப்புகள் உள்ளன. அவற்றினூடாகக் காற்றைத் தள்ளும்போது டிக் என்ற மிகக் குறுகிய ஒலி பிறக்கிறது. வாய் இதில் சம்பந்தப்படுவதே இல்லை. காற்றும் வெளியே போய்விடுவதில்லை. உள்ளே இருக்கும் பைகளில் சேர்த்து மறுபடியும் பயன்படுத்திக்கொள்கிறது.

2. நெற்றியில் புடைத்துத் தெரிகிற கொழுப்புக் கட்டி, அந்த ஒலியை டோர்ச் வெளிச்சம் போலக் குவித்து முன்னால் அனுப்புகிறது.

3. ஒலி மீனில் பட்டுத் திரும்புகிறது. உடம்பு சதையும் நீருமாக இருப்பதால் ஒலி அதில் நிறைய ஊடுருவிப் போய்விடும். மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை மட்டும் பளிச்சென்று தெறிக்கும்.

4. எதிரொலி தாடை வழியாகக் காதுக்கு வருகிறது. 75 மீற்றர் தூரத்துப் பொருளாக இருந்தால், போய்வர ஒரு செக்கனில் பத்திலொரு பங்கு. அந்தக் காலத்தை வைத்துத் தூரத்தையும், எதிரொலியின் தன்மையை வைத்துப் பருமனையும் வடிவத்தையும் அறிகிறது.

5. பதில் வந்த பிறகே பெரும்பாலும் அடுத்த டிக். இரை நெருங்க நெருங்க இடைவெளி குறைந்து, கடைசியில் தனித்தனி டிக் கேட்காமல் ரீங்காரமாகிவிடும். மீனைக் கவ்வும் கணம் அது.

இதன் துல்லியத்தை அளந்திருக்கிறார்கள். தோடம்பழம் அளவுள்ள, ஏழரை சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருக்குக் குண்டை, பயிற்றப்பட்ட டொல்பின் நூறு மீற்றருக்கு அப்பாலிருந்து கண்டுபிடித்தது.

வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பல நாள் படகுகளில் பொருத்தியிருக்கும் மீன் தேடும் கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. இப்படிப்பட்ட கருவிகள் பெரும்பாலும் 50,000 அல்லது 2,00,000 ஹேர்ட்ஸில் ஒலி அனுப்பும். முதலாவது டொல்பினுக்கு நன்றாகவே கேட்கும். நம் காதுக்குச் சத்தமே இல்லாத கருவி, அதன் காதுக்கு விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் ஒன்று.

அப்படியானால் வலையில் ஏன் சிக்குகிறது?

நியாயமான கேள்வி. குண்டைக் காணத் தெரிந்ததற்கு வலையைக் காணத் தெரியாதா?

பழைய பருத்தி வலை தடிப்பானது, நூலிழைகளுக்கிடையே காற்றும் இருக்கும்; எதிரொலி ஓரளவு வரும். இன்றைய நைலோன் தங்கூசி வலையோ மெல்லியது, அதன் தன்மையும் ஒலி விஷயத்தில் நீரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அதனால் எதிரொலி மிகவும் பலவீனம். மிதவையும் கயிறும் முடிச்சும் கேட்கும். நடுவிலுள்ள கண்ணிகள் திறந்த வழிபோலத் தோன்றும். அப்புறம், டொல்பின் எந்நேரமும் டிக் அனுப்பிக்கொண்டே இருப்பதில்லை. தெரிந்த கடலில் போகும்போது, ஓய்வில் இருக்கும்போது, கூட்டத்தோடு நகரும்போது சும்மாவும் இருக்கும். நாமும் தெரிந்த ஒழுங்கையில் கீழே பார்த்துப் பார்த்தா நடக்கிறோம்?

இன்னொரு காரணம் மீனவருக்கு நன்றாகத் தெரிந்தது. டொல்பின் துள்ளும் இடத்துக்குக் கீழே சூரை நிற்கும். டொல்பினைக் கண்டு மீனைத் தேடிப் போவது இலங்கைக் கடலில் பழகிய தொழில்முறை. ஒரே இடத்துக்கு டொல்பினும் சூரையும் வலையும் வந்துசேரும்போது, சிக்குவதில் வியப்பில்லை.

இந்து சமுத்திரத்தில் டொல்பின்களை அதிகம் கொல்வது சோனாரோ எண்ணெய் ஆய்வோ என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றைவிட இந்த மிதக்கும் செவுள் வலைகள்தான் பெரிய ஆபத்து. இதற்காக மீனவர்மீது கோபப்படுவதில் பயனில்லை. வலை கிழிவதும் நேரம் போவதும் அவர்களுக்கும் நட்டம். வலையில் கட்டும் சிறு ஒலிக்கருவிகள் சில நாடுகளில், சில இனங்களில் நல்ல பலன் தந்திருக்கின்றன. வலையை மேற்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு மீற்றர் தாழ்த்தி விடுவதும் பாகிஸ்தான் பக்கக் கடலில் முயன்று பார்க்கப்பட்ட வழி. சிக்கியதை உயிரோடு அறுத்துவிடுவதற்குக் கருவியே வேண்டாம். இலங்கையில் எல்லாத் திமிங்கிலங்களும் டொல்பின்களும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் வெட்டுவதும் விற்பதும் குற்றம்.

பெயர் சொல்லிக் கூப்பிடும் விசில்

டிக் ஒலி பார்ப்பதற்கு. பேசுவதற்கு டொல்பின்களிடம் விசில் இருக்கிறது. போத்தல்மூக்கு டொல்பினின் குட்டி, பிறந்த முதலாண்டுக்குள் தனக்கென்று ஒரு விசிலை உருவாக்கிக்கொள்கிறது. வேறு எதற்கும் அதே மெட்டு இருக்காது. 2013இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடலில் திரியும் டொல்பின்களுக்கு அவற்றின் சொந்த விசிலை ஒலிபரப்பிப் பார்த்தபோது, அவை பதில் கொடுத்தன. வேறு விசில்களுக்கு அப்படிக் கொடுக்கவில்லை. பழகிய தோழமையின் விசிலை 20 ஆண்டு பிரிந்திருந்த பின்பும் அடையாளம் கண்டதாகவும் அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. கலங்கிய நீரில் தாயும் குட்டியும் ஒன்றையொன்று தவறவிடாமல் இருப்பது இந்த விசிலால்தான்.

திருகோணமலை ஆழத்தில் ஒரு சுத்தியல் சத்தம்

ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் உடலில் மூன்றில் ஒரு பங்கு தலை. அந்தத் தலையின் பெரும்பகுதி ஒலி உண்டாக்கும் மூக்கு என்றே சொல்லலாம். முக்கால் மணி நேரம் மூச்சடக்கி, 600 முதல் 1,000 மீற்றர் ஆழத்துக்கும் அதற்குக் கீழும் போய்க் கணவாயைத் தேடுகிறது. அந்த இருட்டில் அரைச் செக்கனுக்கோ ஒரு செக்கனுக்கோ ஒரு தடவை டிக், டிக் என்று அனுப்பிக்கொண்டே இறங்கும். நீரில் ஒலிவாங்கி இறக்கிக் கேட்பவருக்குத் தூரத்தில் தச்சர் சுத்தியல் அடிப்பது போல இருக்கும்.

இந்த விலங்கைக் காண உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வரும் இடங்களில் திருகோணமலையும் ஒன்று. காரணம் கடலடியின் அமைப்பு. கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழமான ஒரு பள்ளத்தாக்கு கடலுக்குள் இறங்கிப் போகிறது. இலங்கையைச் சுற்றிக் கண்டமேடையே, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியே, ஒடுக்கம். மட்டக்களப்புக்கு வெளியே சுமார் ஒன்பது கிலோமீற்றரில், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியப் போர்க்கப்பல் ஹேர்மிஸ் 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதற்கும் வெளியே போனால் அடி வேகமாகச் சரிந்துவிடும். ஆழ்கடல் விலங்கு கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதற்கு இதுதான் காரணம்.

1979இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 1980களின் முதற்பாதியில் துலிப் என்ற பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்களின் பின்னால் திரிந்து கேட்டார்கள், எண்ணினார்கள், படமெடுத்தார்கள். மேற்பரப்பில் கூடும்போது இவை சில டிக் ஒலிகளைத் தாளக்கட்டோடு பரிமாறிக்கொள்ளும். இந்தத் தாளம் குலத்துக்குக் குலம் வேறு. குட்டி அதைத் தன் கூட்டத்திடமிருந்து கற்றுக்கொள்கிறது. மட்டக்களப்புத் தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் இரண்டு சொல்லில் பிரித்துவிடுகிறோமே, அதுபோல.

நீலத் திமிங்கிலத்தின் இலங்கைப் பாட்டு

1984இல் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களின் குரல் பதிவுசெய்யப்பட்டது. வேறெங்கும் கேட்ட குரல்களோடு அது ஒத்துப்போகவில்லை. இன்று உலக ஆய்வாளர்கள் அதை இலங்கை அழைப்பு என்றே குறிப்பிடுகிறார்கள். சில பகுதிகளாக நீளும் அந்தப் பாட்டின் முடிவில் 100 ஹேர்ட்ஸை ஒட்டி அரை நிமிடமளவு நீளும் ஒரு தொனி வரும். அதன் அலைநீளம் 15 மீற்றர். இந்த வடக்கு இந்து சமுத்திர நீலத் திமிங்கிலங்கள், மற்றக் கடல்களில் உள்ளவைபோலத் துருவக் கடல் வரை போய்த் திரும்புவதில்லை. ஆண்டு முழுதும் இந்த வெப்பக் கடலிலேயே இருக்கின்றன. இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் நீண்ட காலமாக எடுத்துச் சொல்லிவரும் விஷயம் இது. போக வேறிடமில்லாத ஒரு கூட்டத்துக்கு, இருக்கும் இடத்தின் இரைச்சல் இரட்டிப்பாக முக்கியம்.

இவ்வளவு தாழ்ந்த குரல் எவ்வளவு தூரம் போகும்? கடலின் மேற்பகுதி சூடு. கீழே போகப்போகக் குளிர்வதால் ஒலியின் வேகம் குறைகிறது. இன்னும் ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் வேகம் மறுபடி ஏறுகிறது. இடையில், ஆயிரம் மீற்றர் அளவிலோ அதற்குக் கீழேயோ, வேகம் மிகக் குறைந்த ஒரு படலம் இருக்கிறது. அதற்குள் அகப்பட்ட ஒலி மேலும் கீழும் வளைந்து வளைந்து, அடியிலும் மேற்பரப்பிலும் முட்டாமல் ஓடும். 1960இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு வெளியே கடலில் வெடிக்கவைத்த குண்டின் ஒலி, ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர் தாண்டி அத்திலாந்திக்கின் பேர்முடாவில் கேட்டது. திமிங்கிலத்தின் குரல் அவ்வளவு போவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போகும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க, இந்து சமுத்திரத்தின் நடுவிலுள்ள டியேகோ கார்சியா தீவுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் ஒலிவாங்கிகளில் ஆண்டுக்கணக்காகப் பதிவாகியிருந்த ஒரு பாட்டை வைத்து, இதுவரை தெரியாத இன்னொரு குறு நீலத் திமிங்கிலக் கூட்டம் இருக்கலாம் என்று 2021இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

இரைச்சல் என்ன செய்கிறது

கப்பலின் விசிறி வேகமாகச் சுழலும்போது நீரில் எண்ணற்ற குமிழிகள் உருவாகி உடைகின்றன. கப்பல் சத்தத்தில் பெரும்பகுதி இந்தக் குமிழி உடைவதுதான். அது பெரும்பாலும் 10 முதல் 1,000 ஹேர்ட்ஸுக்குள் விழுகிறது. நீலத் திமிங்கிலம் பாடுவதும் அதே இடத்தில். பசிபிக்கின் வடகிழக்கில் 1960களிலிருந்து நாற்பது ஆண்டுகளில் இந்தத் தாழ்ந்த இரைச்சல் 10 டெசிபலுக்கு மேல் கூடியது. பத்து டெசிபல் என்றால் ஒலியாற்றல் பத்து மடங்கு.

உரத்துப் பாடித் தப்பலாமே, வேறு சுருதிக்கு மாறலாமே என்று கேட்கலாம். 2024இல் டென்மார்க் ஆய்வாளர்கள் சல்லடைத் திமிங்கிலங்களின் குரல்வளையைச் சோதித்து, அவற்றால் அதற்குமேல் மாற முடியாது என்று காட்டினார்கள். அந்தக் குரல் அமைப்பு வேலை செய்வது சுமார் 100 மீற்றர் ஆழம் வரை, சுமார் 300 ஹேர்ட்ஸ் வரை மட்டுமே. கப்பல் இரைச்சல் மிகுந்திருப்பதும் அதே ஆழம், அதே சுருதி.

இரைச்சல் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சில நாட்கள் கனடாவின் பண்டி குடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்து, நீருக்கடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அப்போது அங்கிருந்த திமிங்கிலங்களின் கழிவில் மன அழுத்த ஹோர்மோன் குறைந்திருந்தது. அந்தக் கடலில் அவை எந்நேரமும் பதற்றத்திலேயே வாழ்ந்திருக்கின்றன என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது.

எண்ணெய், எரிவாயு தேடும் ஆய்வில் அழுத்தக் காற்றை வெடிப்புப்போல நீருக்குள் விடுவார்கள். பத்துப் பதினைந்து செக்கனுக்கு ஒருமுறை, நாட்கணக்காக. அந்த ஒலி 3,000 கிலோமீற்றருக்கு அப்பாலும் பதிவாகியிருக்கிறது. கிழக்குக் கடலில் இப்படித் தேடுவது பற்றிய செய்தி வரும்போதெல்லாம் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எந்த மாதத்தில், எத்தனை நாள், திமிங்கிலம் தெரிந்தால் நிறுத்துவதற்குக் கப்பலில் யார் இருக்கிறார்கள்? 1991இல் தெற்கு இந்து சமுத்திரத்தில் ஹேர்ட் தீவருகே வெடிகூட இல்லாமல், 57 ஹேர்ட்ஸ் ஒலியை மட்டும் பரப்பிய சோதனையின்போது, முன்பு கேட்டுக்கொண்டிருந்த ஸ்பேர்ம், பைலட் திமிங்கிலங்களின் குரல் கேட்காமல் போனது. சோதனை முடிந்த பிறகே மீண்டும் கேட்டது.

நம் கரையோரத்து இரைச்சலும் உண்டு. டைனமைட் போட்டு மீன் பிடிப்பது சட்டவிரோதம். பக்கத்தில் இருக்கும் எந்த விலங்கின் காதையும் அது நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும். டொல்பின் பார்க்கப் போகும் படகுகள் நாலைந்து சேர்ந்து சுற்றி வளைத்தால், வெளி இயந்திரங்களின் சத்தம் விசிலை மூடிவிடும். ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் போனால் அவை தாமாகவே அருகே வரும்.

கரையொதுங்குவது ஏன்? சுனாமிக்கும் அதற்கும் என்ன?

முதலில் சோனார். இது வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. 2000 மார்ச்சில் பஹாமாஸில் 17 விலங்குகள் கரையேறியதற்குத் தன் சோனார் பயிற்சி காரணம் என்று அமெரிக்கக் கடற்படை ஒப்புக்கொண்டது. ஸ்பெயின் 2004இல் கனேரித் தீவுகளைச் சுற்றி அதைத் தடைசெய்தது. ஆனால் இதில் பெரிதும் பாதிக்கப்படுவது மிக ஆழத்தில் மூழ்கும் அலகுத் திமிங்கிலங்கள். மிரண்டு வழக்கம் மீறி மூழ்கியெழுவதால் அவற்றின் உடலில் வாயுக் குமிழிகள் உண்டாகின்றன. எல்லாக் கரையொதுங்கலுக்கும் இந்த விளக்கத்தை ஒட்டவைப்பது சரியாகாது.

பைலட் திமிங்கிலங்கள் கரையேற எந்த நாட்டுச் சோனாரும் தேவையில்லை. ஒன்றைவிட்டு ஒன்று பிரியாத கூட்டம் அது. முன்னே போவது நோயாளியானாலோ, கணவாயைத் துரத்திக் கரைப்பக்கம் வந்துவிட்டாலோ மற்றவையும் பின்னால் வரும். மெல்லச் சரியும் மணற்கரை எதிரொலியைத் திருப்பித் தருவதில்லை. ஒலி வழுக்கிக்கொண்டு போய்விடும், அலை கிளப்பும் மணலும் குமிழியும் மிச்சத்தை மறைக்கும். பாறைக் கரையில் சுவர்போலத் தெரிவது, மணற்கரையில் திறந்த கடலாகத் தெரிகிறது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு கரையில் எண்பதுக்கு மேற்பட்டவை ஏறியதும் மணற்கரையில்தான். இதைத் தற்கொலை என்பது, நோயுற்ற ஒருவரைத் தனியே விடாமல் கூடவே போனவர்களைக் குறைசொல்வது போலாகும்.

இனிச் சுனாமி. நாவலடியும் கல்லாறும் மருதமுனையும் பட்டதைப் பார்த்த எவருக்கும் இந்தப் பயம் இயல்பு. ஆகவே கணக்கோடு பார்ப்போம்.

1. 2004 சுனாமியை உண்டாக்கியது சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலநடுக்கம். நிலம் உடைந்த பிறகே ஒலி பிறக்கும். உடையாத நிலத்திலிருந்து திமிங்கிலத்துக்குக் கேட்க ஒலி எதுவும் வராது.

2. அந்த நடுக்கத்தின் ஒலி கடல் வழியே பரவி டியேகோ கார்சியா ஒலிவாங்கிகளில் பதிவானது. நடுக்கம் எழுந்த இடத்திலிருந்து நம் கரைக்குச் சுமார் 1,600 கிலோமீற்றர். நீரில் ஒலிக்கு 18 நிமிடம்.

3. அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. ஆக, திமிங்கிலம் அந்த ஒலியைக் கேட்டுக் கலங்கியிருந்தாலும், அது அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நடந்திருக்க வேண்டும். நேற்றோ போன வாரமோ ஒதுங்கிய திமிங்கிலம் நாளைய சுனாமியைச் சொல்ல வழியே இல்லை.

நிலம் நீண்ட நேரம் ஆடினால், கடல் திடீரென உள்வாங்கினால், அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்தால் ஓடுங்கள். திமிங்கிலத்தைப் பார்த்து ஓட வேண்டாம். அதற்கு உங்கள் உதவி தேவைப்படலாம்.

உயிரோடு ஒதுங்கியதைக் கண்டால்

கடற்படைக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் உடனே அறிவியுங்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், முள்ளந்தண்டு கழன்றுவிடும். வயிறு கீழே இருக்குமாறு நிமிர்த்தி வைத்து, ஈரச் சாரமோ சீலையோ போர்த்தி நிழல் செய்யுங்கள். தலையுச்சியில் உள்ள துவாரம் அதன் மூக்கு. அதற்குள் ஒரு துளி நீரும் மணலும் போகக் கூடாது, அதைத் துணியால் மூடவும் கூடாது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். மோட்டார் சைக்கிள், ஒலிபெருக்கி, கூச்சல் எல்லாம் ஏற்கனவே கலங்கிப்போயிருக்கும் காதுக்கு வதை.

பைலட் திமிங்கிலங்களாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒன்றை மட்டும் கடலுக்குள் தள்ளிவிட்டால் அது பெரும்பாலும் திரும்பிவந்து மறுபடி மணலில் ஏறும். கரையில் கிடப்பவை கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. நமக்குக் கேட்காத குரல் அதற்குக் கேட்கிறது. அதனால் முடிந்தவரை எல்லாவற்றையும் சேர்த்து, வற்று திரும்பி நீர் ஏறுகிற நேரம் பார்த்து, ஒன்றாகவே ஆழத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும்.